பன்னிரண்டு மணி ஒன்பது நிமிஷம்

சென்ற மார்கழியில் ஒரு நாள் மத்தியானம் என் பேத்தி கூடத்தில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் எதையோ ரப்பரால் மும்முரமாக அழித்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் எழுதுவதைவிட அழிப்பதைக் கவனிக்க வேண்டும் என்பது என் கட்சி. விஷயம் பல சமயம் அழித்த இடத்தில்தான் இருக்கும்.

"என்னம்மா அழிக்கிறே?" என்றேன்.

"தப்பா வந்துடுச்சு தாத்தா. பன்னிரண்டுன்னு வரணும். எனக்குப் பன்னிரண்டு ஒன்பது வந்திருக்கு."

விசாரித்தேன். அரைப் பரீட்சை விடுமுறைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்து அனுப்பிய வேலை அது. மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நிறுத்த வேண்டும். அதைச் சுற்றிச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட வேண்டும். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நிழல் சுருங்கி வட்டத்துக்குள் போய், பிற்பகலில் மறுபடி நீண்டு வட்டத்தைத் தொடும்போது இன்னொரு முறை குறிக்க வேண்டும். இரண்டு நேரத்துக்கும் நட்ட நடுவில் இருப்பதுதான் உச்சிப்பொழுது.

டிசம்பர் 25-ந் தேதி, பண்டிகை நாளென்றும் பாராமல், என் பேத்தி இதைச் சிரத்தையாகச் செய்திருக்கிறாள். காலை 10 மணி 39 நிமிஷத்துக்கு நிழல் வட்டத்தைத் தொட்டது. பிற்பகல் 1 மணி 39 நிமிஷத்துக்கு மறுபடி தொட்டது. நடுவே சரியாக மூன்று மணி. அதில் பாதியைக் கூட்டிப் பார்த்தால் 12 மணி 9 நிமிஷம். ஆனால் பாடப் புத்தகத்தில் "நண்பகல் 12 மணிக்குச் சூரியன் உச்சிக்கு வருகிறது" என்று போட்டிருந்தது. ஆகவே அவள் சூரியனை அழித்துவிட்டுப் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தாள்!

"அழிக்காதே. நீ எழுதினதுதான் சரி" என்றேன்.

"அப்போ புத்தகம் தப்பா?"

"அதுவும் தப்பில்லே."

அவள் என்னைப் பார்த்த பார்வையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் சரி என்று தீர்ப்புச் சொல்கிற நாட்டாண்மைக்காரரை யார்தான் நம்புவார்கள்? அந்த ஒன்பது நிமிஷத்தின் கதையை அவளுக்குச் சொல்லி முடிக்க அன்று சாயங்காலம் வரை ஆயிற்று. அதையே இங்கே எழுதுகிறேன்.

பூமி தன்னைத் தானே ஒரு முறை சுற்றிக்கொள்ள 24 மணி ஆகிறது. ஒரு முழுச் சுற்று என்பது 360 டிகிரி. கணக்குப் போட்டால் மணிக்கு 15 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். நேரத்தைப் பற்றிய விஞ்ஞானத்தில் நாம் மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் இதிலிருந்து தானே வரும்.

பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறபடியால், கிழக்கே இருப்பவனுக்குச் சூரியன் முந்தி உச்சிக்கு வருகிறது. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே மூன்று டிகிரிக்குச் சற்று அதிகம். ஆகவே சென்னையில் உச்சிப்பொழுது ஆகி 13 நிமிஷம் கழித்துத்தான் கோயம்புத்தூரில் உச்சிப்பொழுது. பம்பாய்க்காரர் இன்னும் காத்திருக்க வேண்டும். நமக்குப் பின் அரை மணி. கல்கத்தாக்காரருக்கோ நமக்கு 32 நிமிஷம் முன்னாலேயே உச்சி தாண்டிவிடும்.

ஆக, ஒவ்வோர் ஊருக்கும் சொந்தமாக ஒரு பன்னிரண்டு மணி உண்டு. பேத்தியின் குச்சி காட்டியது சென்னையின் பன்னிரண்டு மணி. சுவர்க் கடிகாரம் காட்டியது வேறொரு இடத்தின் பன்னிரண்டு மணி. அந்த இடம் எது, அதன் மணி நம் வீட்டுச் சுவருக்கு எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

பழைய காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நம்முடைய பெரியவர்கள் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிஷம். இரண்டரை நாழிகை ஒரு மணி. அதைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணினார்கள். எந்த ஊரில் உதயமோ அந்த ஊருக்கு அந்தக் கணக்கு. நெடுநல்வாடையில் அரண்மனை கட்டுகிற சிற்பிகள் கோல் நட்டு, உச்சிப்பொழுதின் நிழலைப் பார்த்துத் திசை குறிக்கிறார்கள். என் பேத்தி மொட்டை மாடியில் செய்த காரியம் அவ்வளவு பழையது! பாண்டிய நாட்டு உச்சிப்பொழுதும் சோழ நாட்டு உச்சிப்பொழுதும் சில நிமிஷம் மாறுபட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? மாட்டு வண்டியில் போகிறவன் ஊர் போய்ச் சேருவதற்குள் எத்தனையோ உதயம் ஆகிவிடும்.

இந்த நிம்மதியைக் கெடுத்தது ரயில்.

1853-ல் பம்பாய்க்கும் தானாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் பிரயாணி ரயில் ஓடியது. தென்னாட்டில் 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு வண்டி விட்டார்கள். இந்த இரண்டு ஊர்களின் உச்சிப்பொழுதுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 4 நிமிஷம். நாலு நிமிஷந்தானே என்று தோன்றும். ஆனால் ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வரும்போது, இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களின் கடிகாரங்களும் ஒன்றையே சொல்ல வேண்டும். அங்கே நாலு நிமிஷம் என்பது உயிர் விஷயம். தண்டவாளம் நீள நீள, நாலு நிமிஷம் அரை மணியாயிற்று. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் இடையே ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. ரயில்களுக்கெல்லாம் ஏதாவது ஓர் ஊரின் மணியைப் பொதுவாக வைத்தாக வேண்டும். எந்த ஊர்?

இங்கேதான் நம் சென்னைப் பட்டணத்துக்கு அதிர்ஷ்டம் அடித்தது. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் கும்பினியாரின் வானாராய்ச்சிக் கூடம் ஒன்று இருந்தது. வில்லியம் பெட்ரி என்ற கும்பினி உத்தியோகஸ்தர் தம் சொந்தச் செலவில் எழும்பூரில் வைத்திருந்த தொலைநோக்கிகளில் பிறந்தது அது. அந்தக் கூடத்துக் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையத்து வளைவுக்குள் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்துக்கள் வெட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கூடத்தில் ஜான் கோல்டிங்ஹாம் என்று ஒரு வானநூலார் இருந்தார். 1802-ல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்துச் சென்னை நேரத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் அவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர் போலிருக்கிறது. இப்போது ராஜாஜி மண்டபம் என்கிறோமே, அந்தக் கட்டிடத்தைக் கட்டியவரும் அவரே! செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வழக்கமாகப் பீரங்கி சுடுவார்கள். கோல்டிங்ஹாம் நுங்கம்பாக்கத்தில் இருந்தபடி, பீரங்கியின் மின்னல் கண்ணில் பட்டதற்கும் ஓசை காதில் விழுந்ததற்கும் இடையே எத்தனை நேரம் என்று கணக்கெடுத்தார். அதிலிருந்து சப்தம் காற்றில் செல்லும் வேகத்தை அளந்தார். வெப்பம் மாறினால் அந்த வேகமும் மாறுகிறது என்பதையும் கண்டார். பட்டணத்து ஜனங்கள் பீரங்கிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டிருந்தபோது, ஒருவர் மட்டும் அதை வைத்து விஞ்ஞானம் செய்துகொண்டிருந்தார்.

சென்னை கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ஏறக்குறைய நட்ட நடுவான நேரத்தில் இருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து மணியைச் சரிசெய்ய ஆட்கள் இருந்தார்கள். அதைத் தந்தியில் அனுப்பவும் வசதி இருந்தது. ஆகவே 1870-ஐ ஒட்டி இந்திய ரயில்களெல்லாம் 'மதராஸ் டைம்' என்று ஒன்றைப் பின்பற்ற ஆரம்பித்தன. லாகூரில் வண்டி ஏறுகிறவன்கூட நுங்கம்பாக்கத்துச் சூரியனுக்குக் கட்டுப்பட்டவனானான்!

நமக்குப் பெருமைதான். ஆனால் மற்றவர்களுக்கு? 1881-ல் பம்பாய் கவர்னராக இருந்த சர் ஜேம்ஸ் பெர்குஸன், ரயில்களில் மட்டுமின்றிப் பம்பாய் சர்க்கார் காரியாலயங்களிலும் மதராஸ் டைமே வழங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஊர் ஒப்பவில்லை. எங்கள் தலைக்கு மேலே இருக்கிற சூரியனை விட்டு, எங்கேயோ இருக்கிற மதராஸ் சூரியனுக்கு நாங்கள் ஏன் எழுந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். சில வருஷத்துக்குள் அந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டியதாயிற்று.

இந்த மனஸ்தாபம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1884 அக்டோபரில் 25 தேசங்களின் பிரதிநிதிகள் வாஷிங்டனில் கூடி, இங்கிலாந்தில் கிரீனிச்சைத் தொட்டுச் செல்லும் ரேகையையே உலகத்துக்கெல்லாம் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். பிரான்ஸ் தேசத்தார் வாக்களிக்கவில்லை. பாரிஸ் நேரத்தையே பிடிவாதமாக 1911 வரை வைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இணங்கியபோதும், கிரீனிச் என்ற பெயரைத் தங்கள் சட்டத்தில் எழுத மனம் வரவில்லை. "பாரிஸ் நேரத்தில் 9 நிமிஷம் 21 விநாடி குறைத்தது" என்று எழுதிவிட்டார்கள். அதற்கு அர்த்தம் கிரீனிச் நேரந்தான்! அவர்கள் விட்டுக்கொடுத்ததும் ஏறக்குறைய நம்முடைய அதே ஒன்பது நிமிஷம் என்பது ஒரு வேடிக்கை.

1906 ஜனவரி முதல் தேதி இந்தியாவுக்கும் முடிவு வந்தது. கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னே என்று ஒரே நேரம் ஏற்பட்டது. ஐந்தரை மணிக்கு 330 நிமிஷம். நாலால் வகுத்தால் 82½ டிகிரி. அந்த ரேகை உத்தரப் பிரதேசத்தில் மீர்ஜாப்பூர் பக்கமாகப் போகிறது. இன்று நம் வீட்டுச் சுவரில் இருப்பது அந்த மீர்ஜாப்பூரின் மணி. சென்னை அந்த ரேகைக்கு இரண்டேகால் டிகிரி மேற்கே இருக்கிறது. இரண்டேகாலை நாலால் பெருக்கிப் பாருங்கள்: ஒன்பது நிமிஷம்!

நாம் ஒன்பது நிமிஷத்தைப் பேசாமல் கொடுத்துவிட்டோம். பம்பாய் 39 நிமிஷம் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே மில் தொழிலாளர்கள் கோபித்துக்கொண்டு எதிர்ப்புக் காட்டினார்கள். விவரம் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்வது சுலபம். ஆனால் அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள். மில் சங்கு ஊதும் மணி மாறவில்லை. கடிகாரம் மட்டும் 39 நிமிஷம் முன்னே போய்விட்டது. அப்படியானால் இருட்டில் எழுந்து இருட்டில் நடக்க வேண்டும். கடிகாரம் சுவரில் சாதுவாகத்தான் தொங்குகிறது. ஆனால் அதன் முள்ளை யார் நகர்த்துகிறார்கள், யார் முன்னதாக எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் அது அவ்வளவு சாதுவாகத் தோன்றாது. கல்கத்தா தன் சொந்த நேரத்தை 1948 வரை விடவில்லை. பம்பாயில் சுதந்திரத்துக்குப் பிறகும் சில வருஷங்கள் பழைய நேரம் நடமாடிற்று. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் இன்றைக்கும் ஒரு மணி முன்னே வைத்த 'தோட்ட நேரம்' உண்டு. அங்கே சூரியன் அவ்வளவு சீக்கிரம் உதித்துவிடுகிறான்.

இலங்கையிலும் இப்படி ஒரு காலம் இருந்தது. 1996-ல் மின்சாரப் பஞ்சத்தினால் சர்க்கார் கடிகாரத்தை முன்னே தள்ளியது. புலிகள் வசமிருந்த பகுதிகள் அதை ஏற்கவில்லை. 2006-ல் பழையபடி ஐந்தரை மணிக்குத் திரும்பும் வரை, ஒரே தீவில் எல்லைக் காவலைத் தாண்டினால் மணி மாறிற்று.

இதெல்லாம் வெளி விஷயம். எங்கள் குடும்பத்திலேயே ஒரு கதை இருக்கிறது. என் தாயார் சொல்லக் கேட்டது.

இரண்டாவது மகா யுத்தத்தின்போது, 1942 செப்டம்பர் முதல் தேதி, இந்தியாவின் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளிவைத்தார்கள். 1945 அக்டோபர் வரை அது நீடித்தது. என் தாயார் அப்போது சிறு பெண். தாத்தாவிடம் சங்கிலி கோத்த ஒரு கடிகாரம் உண்டு. "சூரியன் ஒரு மணி தள்ளிப் போயிட்டானா? அவன் போனால் நானும் போகிறேன்" என்று சொல்லி, அவர் அதைத் தொடவில்லை.

ஒரு நாள் அவருடைய தமக்கைக்கு உடம்பு மோசம் என்று ஆள் வந்தது. காலை வண்டிக்குக் கிளம்பினார். தம் கடிகாரப்படி நல்ல நேரத்தில்தான் ஸ்டேஷனுக்குப் போனார். வண்டி போய் ஒரு மணியாகியிருந்தது. அடுத்த வண்டி மாலையில். பிளாட்பாரத்துப் புங்கமரத்தடியில் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

திரும்பி வந்தவர் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலையில் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடிக்கொண்டிருந்ததாம். ஆனால் ஒன்று: வயலுக்கு ஆள் விடுவதும், தாம் சாப்பிட உட்காருவதும் கடைசி வரையில் முற்றத்து நிழலைப் பார்த்துத்தான். ரயிலுக்கு ஒரு மணி, வயலுக்கு ஒரு மணி என்று இரண்டையும் வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் கேட்ட பேத்தி, "அப்போ தினமும் பார்த்தாலும் 12 மணி 9 நிமிஷந்தான் வருமா தாத்தா?" என்றாள். நல்ல கேள்வி. வராது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமல்ல. பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது. ஆகவே சூரியன் சில மாதம் முந்துகிறான். சில மாதம் பிந்துகிறான். சென்னையில் நவம்பர் ஆரம்பத்தில் 11 மணி 53 நிமிஷத்துக்கே உச்சிப்பொழுது ஆகிவிடும். பிப்ரவரி நடுவில் 12 மணி 23 நிமிஷம் ஆகும். கடிகாரம் பின்பற்றுவது வருஷம் முழுவதும் ஒரே சீராக ஓடுகிற ஒரு கற்பனைச் சூரியனை. நிஜச் சூரியனும் கற்பனைச் சூரியனும் ஒன்றுசேருவது வருஷத்தில் நாலே நாட்கள். சித்திரை முதல் தேதியை ஒட்டி ஒன்று. டிசம்பர் 25 இன்னொன்று. அவள் தற்செயலாகப் பிடித்த நாள் அதில் ஒன்றாக அமைந்துவிட்டது.

நுங்கம்பாக்கத்துக் கூடத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற தமிழ்நாட்டு வானநூலார் வேலை பார்த்தார். 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். அவர் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 'திருக்' என்றால் பார்வை. பழைய ஏட்டுக் கணக்கும் வானத்தில் கண்ணுக்குத் தெரிவதும் மாறுபட்டால், கண்ணுக்குத் தெரிவதை வைத்துக் கணக்கைத் திருத்த வேண்டும் என்பது அந்த வழி. அன்றைக்கு அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! அவர் வேலை பார்த்த கூடத்தின் வானாராய்ச்சி 1899-ல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. இப்போது நம் நேரத்தைக் காப்பவை புதுடில்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்து அணுக் கடிகாரங்கள். அவை சூரியனைப் பார்ப்பதே இல்லை.

பேத்தி பென்சிலை எடுத்தாள். அழித்த இடத்தில் தடம் இன்னும் இருந்தது. அதன் மேலேயே எழுதினாள்: "சென்னையில் உச்சிப்பொழுது: 12 மணி 9 நிமிஷம்." சற்று யோசித்து, கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: "கடிகாரம் மீர்ஜாப்பூர்க்காரருடையது."

விடுமுறை முடிந்து நோட்டுப் புத்தகம் பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வந்தது. முதல் வரிக்குப் பக்கத்தில் ஆசிரியை சிவப்பு மையில் 'சரி' போட்டிருந்தார். இரண்டாவது வரிக்குப் பக்கத்தில் "எப்படி? வகுப்பில் வந்து சொல்" என்று எழுதியிருந்தார்.

மறுநாள் காலை என் பேத்தி அந்தக் குச்சியையும் எடுத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள்.